பதின்மூன்றாவது ஃபாரம்

ஆகஸ்ட் 11, திங்கள்

கால் எலும்பு முறிந்ததற்கு நான் தெருவுக்குச் சொல்லியிருக்கும் காரணம், மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது வழுக்கிவிட்டது என்பது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். குடும்பத்துக்காகப் பாடுபட்டு விழுந்தவன் என்று கொஞ்சம் மரியாதைகூட வந்திருக்கிறது.

உண்மையில் நான் விழுந்தது பரணுக்குக் கீழே. ஸ்டூல் எட்டவில்லை என்று அதன்மேல் ஒரு தலையணையை வைத்து ஏறினேன். வயது ஐம்பத்திரண்டு. படிப்பு பத்தாம் வகுப்பு. இருபத்தொன்பது வருடம் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டி ஒரு விரல்நுனிகூட இழக்காதவன், பழைய நாவல் கட்டு ஒன்றை எடுக்கப்போய்க் காலை ஒடித்துக்கொண்டேன். இதை யாரிடம் சொல்வது? டைரியிடம் சொல்லலாம். இதுவும் என் இனம்தான். எங்கள் பிரஸ்ஸில் அச்சான கழிவு. இதில் பிப்ரவரிக்கு முப்பது நாள்.

மாவுக்கட்டு ஆறு வாரம். முதலாளி நல்ல மனிதர், நடக்க முடிந்ததும் வா என்றார். அதுவரை மிஷினில் வேறு ஆள். வீட்டுக்காரி சண்முகத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதை வைத்து வண்டி ஓடாது. அதனால் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த என் மகள் முனீஸ்வரி, நாளையிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். தீபாவளி வரைக்கும்தானாம். லேபிள் ஒட்டுகிற வேலை. பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமியின் மகள் பாண்டிச்செல்வி நாலு வருடமாக அங்கே போகிறாள், அவள்தான் கூட்டிப் போகிறாள்.

லேபிள் ஒட்டுவதில் பயம் ஒன்றும் இல்லை. பசை, காகிதம், அவ்வளவுதான். இதை இன்று மூன்று தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

படுத்துக்கொண்டு அந்த நாவல் கட்டைப் பிரித்தேன். எல்லாம் சுகந்தா ராமேசன் அம்மையார் எழுதிய மாத நாவல்கள். புத்தகமாக இல்லை, ஃபாரம் ஃபாரமாக. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும், அதை மடித்தால் ஒரு ஃபாரம். மை தீற்றியது, கோணலாக விழுந்தது எல்லாம் கழிவுக்குப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கழிவைப் பொறுக்கி வந்து படித்ததுதான் என் நூலகம். அதனால் அம்மையாரின் எந்த நாவலையும் நான் முழுசாகப் படித்ததில்லை. ஒன்றில் நாலாவது ஃபாரம் இருக்காது. இன்னொன்றில் கல்யாணம் நடக்கும், மாப்பிள்ளை யார் என்று தெரியாது. நடுவில் விட்டதையெல்லாம் நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். பாதி நாவல் அவருடையது, மீதி என்னுடையது. ராயல்டி மட்டும் வரவில்லை.

அவர் கதையில் யாராவது ஒருவர் காத்துக்கொண்டே இருப்பார். 'எட்டாம் நம்பர் ஜன்னல்' முழுக்க ஒரு அம்மாள் ஜன்னலை விட்டு நகர மாட்டாள். பயந்தாள் என்று அவர் எழுதவே மாட்டார். அடுப்பில் பால் பொங்கி வழியும், யாரும் எழுந்து போய் அணைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு குறை உண்டு. அவர் எழுதுகிற அப்பாக்கள் எல்லாருமே ரிட்டயர்டு ஹெட்கிளார்க். நாற்காலியில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். கட்டிங் மிஷின்காரன் ஒருத்தனுக்காவது நெஞ்சுவலி வர விட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒன்பது நாளுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. ஒற்றைக் காலோடு குடங்களுக்கு டியூப் மாற்றிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு சத்தம். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கிழக்கே மட்டும் பார்த்தார்கள். கோட்டைச்சாமிதான் சொன்னான், கல் குவாரி என்று. எல்லாரும் உள்ளே போனார்கள். குடம் வழிந்து வீடெல்லாம் தண்ணீர்.

இங்கே பிறந்தவர்களுக்குச் சத்தம் தரம் பிரிக்கத் தெரியும். குவாரி சத்தம் காலுக்கு அடியிலிருந்து வரும். இடி உருண்டு போகும். கோவில் வேட்டு வரிசையாக வரும். இன்னொன்று இருக்கிறது, அதை எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முனீஸ் கொலுசைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். லேபிள் ஒட்டக் கைதானே வேண்டும்? உட்கார்ந்து எழுந்திருக்க உறுத்தும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

வேன் இப்போது ஐந்தரைக்கே வருகிறது. சீசன் நெருக்கடியாம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்து இரண்டரைக்கெல்லாம் வந்துவிடுகிறாள். வந்ததும் யாரிடமும் பேசாமல் குளிக்கப் போகிறாள். அதன் பிறகுதான் சாப்பாடு. சுத்தமான பிள்ளை.

அவள் தலையணை உறையை வெயிலில் போடும்போது மினுமினு என்றிருந்தது. ஜிகினா லேபிளாக இருக்கும். நகக்கண்ணிலும் அது ஒட்டியிருக்கிறது. எங்கள் பிரஸ்ஸிலும் ஜிகினா லேபிள் அடிக்கிறோம், எனக்குத் தெரியாதா. எங்கள் லேபிள் உதிராது என்பது வேறு விஷயம். மட்டமான பிரஸ்ஸில் அடித்திருப்பார்கள்.

மதியம் ரசம் வைத்தேன். உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்து இரண்டாம் தடவையும் போட்டேன். மூன்றாம் தடவையும் சந்தேகம் வந்திருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

கோட்டைச்சாமி வந்து கட்டிலில் உட்கார்ந்து, என் ஃபாரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இத வச்சுக் கடலையாவது மடிக்கலாம்ல" என்றான். முறைக்கு எனக்கு மாப்பிள்ளை, லோடு ஆட்டோ ஓட்டுகிறான், அச்சிட்டதில் லாட்டரிச் சீட்டு தவிர எதையும் படித்ததில்லை. லாட்டரியை ஒழித்த பிறகு அதுவும் இல்லை.

அவன் மகள் பாண்டிச்செல்விக்கு என் கதைகள் மேல் ஆசை. ஆறாவதோடு நின்றவள், பத்தி பத்தியாகப் படிக்க வராது. முனீஸ் வேனில் சொல்லிக்கொண்டே போவாளாம், இவள் கேட்பாளாம். சாயங்காலம் மதில் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, "மாமா, இன்னைக்குக் கதைல யாரு அழுறா?" என்று கேட்பாள். யாரும் அழவில்லை என்றால் அவளுக்கு ஏமாற்றம்.

இப்போது அவர்களுக்குள் ஓடுவது 'பத்மாவின் தந்தி'. பத்மா நர்ஸ். காலரா பரவிய ஊருக்கு வேலைக்குப் போகிறாள். அப்பா அவளிடமிருந்து தந்தி வருமா என்று தவிக்கிறார். பன்னிரண்டாவது ஃபாரத்தின் கடைசி வரியில் தந்தி வருகிறது, அவர் பிரிக்கிறார். பதின்மூன்றாவது ஃபாரம் என்னிடம் இல்லை. அந்த வாரம் எனக்கு அம்மை, வேலைக்குப் போகவில்லை. தந்தியில் என்ன இருந்தது என்று இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியாது. கடையில் வாங்கிப் பார்த்திருக்கலாம். வாங்கவில்லை. முனீஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானே ஒரு முடிவு சொல்லிவைத்தேன்: 'சனிக்கிழமை வருகிறேன். பத்மா.'

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டே முக்காலுக்குத்தான் வந்தாள். வேன் டயர் பஞ்சராம். அந்தக் கால் மணி நேரத்தில் கட்டின்மேல் விளக்குமாற்றுக் குச்சியால் சொறிந்து சொறிந்து குச்சியை ஒடித்துவிட்டேன். அரிப்பு கட்டுக்கு உள்ளே.

செப்டம்பர் 9, செவ்வாய்

இதை முழுவதுமாக எழுதியாக வேண்டும்.

நாலு மணிக்குப் பாண்டிச்செல்வி மதிலில் முகம் வைத்தாள். பத்மா கதை இன்று வேனில் முடிந்துவிட்டதாம். "என்ன மாமா இப்புடி முடிச்சுட்டாக? தந்தியில வரமாட்டேன்னுல இருக்கு" என்றாள். நான், இல்லையே, சனிக்கிழமை வருகிறேன் என்றுதானே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே முனீஸைப் பார்த்தாள், அடுப்பில் வேலை இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டாள்.

முனீஸ் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"நூலகத்துல இருந்துச்சுப்பா. எட்டாப்பு லீவுல முழுசாப் படிச்சேன். பத்மா நல்லாத்தான் இருக்கா. ஆனா அங்கனயே இருந்து வேலை பாக்கப் போறேன், வீட்டுக்கு வரலன்னு தந்தி அடிச்சிருப்பா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க சொன்ன முடிவு உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. அத எதுக்குக் கெடுக்கணும்?"

நான் சிரித்திருக்க வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தேன். எனக்காக இன்னும் என்னென்னவெல்லாம் கெடுக்காமல் வைத்திருக்கிறாய் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் துண்டை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"மருந்து செலுத்துற ரூம்லதான்ப்பா இருக்கேன். இருவது நாளாச்சு. லேபிளுக்கு ஆளு போதும்னுட்டாக."

வெடிமருந்து அடைக்கிற அறை. அந்த மினுமினு அலுமினியப் பவுடர். இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாதா அது. கொலுசு தரையில் உரசிப் பொறி வரக் கூடாது, அதற்குத்தான் கழற்றினாள். வெயில் ஏறினால் மருந்து சூடாகும், அதற்குத்தான் ஐந்தரைக்கு வேன். ஜிகினாவாம் ஜிகினா. சண்முகத்தாய்க்கும் தெரியுமாம். கோட்டைச்சாமிக்கும் தெரியுமாம். தெருவில் எனக்கு மட்டும் சனிக்கிழமை முடிவு.

நாளையிலிருந்து போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நீங்க தொட்டி கழுவத்தான் ஏறுனீகளா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்க விழுந்த எடத்துல பத்தாவது ஃபாரம் கெடந்துச்சு. நான்தான் பெறக்கி வச்சேன்."

திறந்த வாயில் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அவளிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வாசலில் தண்ணீர்த் தொட்டி, கை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பு இல்லை, செல்போன் இல்லை. அவள் ஒன்பதாம் நம்பர் அறை. பாண்டிச்செல்வி ஏழாம் நம்பர். இரண்டு அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி, ஒன்றில் ஏதாவது என்றாலும் மற்றதுக்கு வராது என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

'சனிக்கிழமை விருந்தாளி' எடுத்தேன். இரண்டு பக்கம். ஓடவில்லை. அம்மையார் மேல் தப்பில்லை. காத்திருக்கிற ஆளைப் பற்றிப் படிக்க, காத்திருக்காத ஆள் வேண்டும்.

கோட்டைச்சாமியிடம் கேட்டேன், நாலு வருடமாக எப்படி மாப்ள இருக்கிறாய் என்று. சிரித்துவிட்டு, ஆட்டோவில் பாட்டு இருக்கிறதே என்றான். ஆட்டோவில் பாட்டை ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கிறான் என்று எனக்கு இத்தனை நாள் புரியவில்லை. வெளிச் சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் வைக்கிறானாம்.

செப்டம்பர் 17, புதன்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சத்தம் வந்தது. உருளவில்லை, அடியிலிருந்து வரவில்லை. அலமாரிக் கண்ணாடி சிலிர்த்தது. நான் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தேன். நாலைந்து இணுக்கு உருவின பிறகுதான் எதைச் செய்கிறேன் என்பதே தெரிந்தது. பால் பொங்குவதை ஏன் யாரும் அணைப்பதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். கை தன்பாட்டுக்கு ஒன்றைச் செய்துகொண்டிருக்கும். அதை நிறுத்தினால் அடுத்த நிமிடம் வந்துவிடும்.

கோட்டைச்சாமி வாசலில் நின்றான். முதுகைக் காட்டிக் குனிந்தான். நான் அவன் முதுகில் ஏறி, ஆட்டோவில் உட்கார்ந்தேன். பாட்டு போடவில்லை.

ஆலைக்குப் பாதை பிரிகிற விலக்கில் போலீஸ் நிறுத்திவிட்டது. கிழக்கே வெள்ளைப் புகை, நேராக மேலே போய் நின்றுகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் இரண்டு போயின. ஊர் முழுக்க ரோட்டோரம் நின்றது. போன் செய்ய வழியில்லை, உள்ளே யாரிடமும் போன் கிடையாது. வேன் வந்தால்தான் தெரியும். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. ஒரு அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஆலைப் பக்கமிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தார். எல்லாரும் சூழ்ந்தோம். பேன்சி ரகப் பட்டாசு செய்கிற அறை வரிசையாம். ஒரே அறைதானாம், மற்ற மூன்று பேர் வெளியே தட்டு எடுக்கப் போயிருந்தார்களாம். ஒரே ஒரு பெண். எந்தத் தெரு என்று யாரோ கேட்டார்கள். அவர் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார். பிள்ளையின் பெயர் தெரியவில்லை.

எங்கள் தெருவிலிருந்து அந்த ஆலைக்குப் போகிறவர்கள் இரண்டே பேர்.

கூட்டம் மெதுவாக எங்களை விட்டு விலகியது. மற்றவர்களுக்கு மூச்சு வந்துவிட்டது. நடுவில் நாங்கள் இரண்டு பேர். கோட்டைச்சாமி என் கையைப் பிடித்தானா, நான் அவன் கையைப் பிடித்தேனா தெரியாது. வேன் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

வேன் நின்றது. பின்கதவு திறந்தது. மருந்தைக் கழுவாமல், தலைமுதல் கால்வரை வெள்ளியாக ஒரு உருவம் இறங்கியது, முகம், இமை, உதடு எல்லாம். கண்ணீர் ஓடின இடத்தில் மட்டும் இரண்டு கோடு கறுப்பாக இருந்தது. யாரென்று எனக்குத் தெரியவில்லை. என் மகளை எனக்குத் தெரியவில்லை. அவள் என்னைத் தாண்டி, கோட்டைச்சாமியிடம் போய், "மாமா" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. இன்னும் யாராவது இறங்குவார்கள் என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

மதுரை பெரியாஸ்பத்திரியில், காலை ஏழேகாலுக்குப் பாண்டிச்செல்வி இறந்துவிட்டாள். வயது இருபத்திமூன்று.

செப்டம்பர் 22, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் சூம்பி, யாரோ இரவல் கொடுத்ததுபோல் இருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து பிரஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி.

ஆலைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். முனீஸ் சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறாள். காதுமடலில் இன்னும் வெள்ளி போகவில்லை. நேற்று வேறொரு ஆலையின் ஏஜெண்ட் வாசலில் வந்து நின்றான். தீபாவளிக்கு நாலு வாரம்தான் இருக்கிறது, கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும் என்றான். சண்முகத்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். முனீஸ் அவளைத் தடுத்து, "பதினாறு முடியட்டும்ணே, பாப்போம்" என்று அவனிடம் சொன்னாள். பாப்போம் என்றால் என்ன என்று நான் இன்னும் கேட்கவில்லை. என் குரல் கேட்டால் உடைகிற மாதிரி இருக்கிறாள்.

செப்டம்பர் 24, புதன்

பக்கத்து வீட்டுக்கு இன்றுதான் சொந்தக் காலில் நடந்து போனேன். பத்து அடி. ஒரு மணி நேரம் ஆனதுபோல் இருந்தது.

அம்மையார் நாவலாக இருந்தால் இந்த இடத்துக்கு ஒரு அத்தியாயம் வைத்திருப்பார். இரண்டு அப்பாக்கள், ஒரு அறை, வெளியே மழை. ஒருவர் மனதைத் திறந்து கொட்டுவார், மற்றவர் மன்னிப்பார், படிக்கிற நாம் மூக்கைச் சிந்துவோம். 'எட்டாம் நம்பர் ஜன்னல்' அப்படித்தான் முடியும். எத்தனை தடவை அதைப் படித்து அழுதிருக்கிறேன். இன்று அது எல்லாம் ஹெட்கிளார்க்குகளுக்கு முடியும் என்று தோன்றியது.

கோட்டைச்சாமி பாயில் உட்கார்ந்திருந்தான். வெயில் கொளுத்துகிறது. அவன் பெண்சாதி வீட்டார் நாலைந்து பேர் சுவரோரம் இருந்தார்கள். நான் உட்காரக் காலை மடக்கத் தெரியாமல் தடுமாறினேன், அவன்தான் எழுந்து பிடித்து உட்கார வைத்தான். துக்கம் அவனுக்கு, தாங்கல் எனக்கு. அதன் பிறகும் கையை விடவில்லை. அங்கே இருந்தவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னான்.

"எங்க மச்சான். அன்னைக்கு ரோட்டுல கூடவே நின்னாரு. ஒடஞ்ச காலோட. இந்தக் கைய விடவே இல்ல. வாய் முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு பிள்ளைக்கும் சேத்துத்தான வேண்டுனீரு, மச்சான்?"

சுவரோரம் இருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆமா மாப்ள" என்றேன்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பெயர் சொல்லி வேண்டினேன் மாப்ள. அந்த ஒருத்தி பாண்டிச்செல்வியாக இருக்கட்டும் என்று.